நாலு வருஷத்து ஜல்லி

ஜல்லி என்றால் உடைத்த கருங்கல். அகராதி அதோடு நிறுத்திக்கொள்ளும். அகராதி எழுதியவர்கள் யாரும் உத்திரமேரூர் பக்கம் வந்து வீடு கட்டியதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. நான் பல வருடங்களாக இங்கே ஒரு கிரஷரில் எடைமேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவன். லாரி காலியாக வரும்போது ஒரு தடவையும் கல்லோடு போகும்போது ஒரு தடவையும் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. சட்டைப் பையில், காது மடலில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எல்லாம் கல் தூசு. அதனால் இந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் யாருக்கும் அடங்க மாட்டேன்.

எங்களிடம் வந்து "ஜல்லி வேணும்" என்று மட்டும் கேட்டால் வேலைக்காகாது. எந்த ஜல்லி? ஒன்றரை, முக்கால், அரை, கால் என்று வகை இருக்கிறது. எல்லாம் அங்குலக் கணக்கு. சீட்டில் மில்லிமீட்டரில்தான் அச்சடித்திருக்கிறோம், அதை வாசித்த மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்றரை ஜல்லி கடைக்காலில், அதாவது அஸ்திவாரத்தில், போடுவது. முக்கால் ஜல்லி தளம் போட. கால் ஜல்லிக்கு சிப்ஸ் என்று செல்லப்பெயர். ஒருமுறை சென்னையிலிருந்து மனை வாங்க வந்த ஒருவர், காரை விட்டு இறங்காமலே "மீடியம் சைஸ் கல்லு ஒரு லோடு அனுப்புங்க" என்றார். சாயங்காலம் வரை டிரைவர்கள் சிரித்தார்கள். அவருடைய வீடு கட்டி முடிகிற வரைக்கும் அவருக்கு எங்கள் கிரஷரில் மீடியம் சைஸ் என்றுதான் பெயர். பாவம், அவருக்கு அது தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அளவைப் பற்றி அல்ல. எங்கள் பக்கத்தில் யாராவது வீடு கட்டப்போவதாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "ஜல்லி எறக்கியாச்சா?" என்பதுதான். பூமி பூஜை போட்டாயா என்று கேட்க மாட்டார்கள். பூஜையை யார் வேண்டுமானாலும் போடலாம், நாலு எலுமிச்சம்பழம் போதும். பிளான் போட்டாயா என்றும் கேட்க மாட்டார்கள், அது பீரோவில் மடித்து வைக்கிற காகிதம். ஜல்லி அப்படியல்ல. கொட்டினால் தெருவே பார்க்கும். ஒளிக்க முடியாது, திரும்ப அள்ளி அனுப்பவும் முடியாது. அதனால் ஜல்லி கொட்டியவன் கட்டுவான் என்று ஊர் நம்பிவிடும். பேச்சில் உறுதி இருக்கிற ஆள் என்று பெயர் கிடைத்துவிடும்.

இந்த நம்பிக்கையைத்தான் நான் நாலு வருடம் ஏய்த்தேன்.

என் அக்கா காஞ்சிபுரத்தில் இருக்கிறாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பட்டு நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டே அறை உள்ள வீடு, முன்னறையைத் தறி எடுத்துக்கொண்டது. அத்தான் நெய்வார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பாள். அத்தான் இறந்த பிறகு அதே தறியில் அவள் மகன் உட்கார்ந்தான். உள்ளறை மகனுக்கும் மருமகளுக்கும் ஆனது. அக்காவின் பாய் தறிக்கும் சுவருக்கும் நடுவில் விரிந்தது. காலையில் மகன் நெய்ய வருவதற்குள் அவள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவள் இல்லை அவள். "எம் மாதிரி நேரத்தோட எழுந்திரிக்கிறவ தெருவுலயே கெடயாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அத்தானுக்குக் காரியம் முடிந்த அன்று, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கையில் நான் வாயைத் திறந்தேன். "மாடியில அக்காவுக்குன்னு ஒரு ரூம் போட்டுத் தர்றேன். அக்கா இனிமே எங்கூடத்தான்." யாரும் என்னைக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த களைப்பில் வந்த பேச்சு என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூம் முடிச்சிட்டுக் கூப்புடுடா. முடிஞ்சதும் வந்துடறேன். நடுவுல வந்து ஒங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன்" என்றாள்.

சொன்ன சூட்டோடு, அடுத்த வாரமே எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோடு முக்கால் ஜல்லி இறங்கியது. பார்க்க வந்த மேஸ்திரி குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்.

"மாடி ரூமுக்கு மொதல்ல செங்கல்லு இல்ல வேணும்? ஜல்லி தளம் போடறப்பதானே? இப்பவே இன்னாத்துக்கு?"

கிரஷரில் வேலை செய்கிறவனுக்கு வீடு என்றால் ஜல்லிதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. நான் என்ன செய்ய? இலை போடுவதற்கு முன்னால் மோர் ஊற்றியவன் மாதிரி நின்றேன். "எப்பவாயிருந்தாலும் வேணும் இல்ல, கெடக்கட்டும்" என்றேன்.

கிடந்தது.

ஏன் கட்டவில்லை என்று கேட்டால் என்னிடம் காரணங்கள் நிறைய இருந்தன. முதல் வருடம் மழை. அடுத்த வருடம் மேஸ்திரி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். பிறகு ஆடி வந்தது, புரட்டாசி வந்தது, மார்கழி வந்தது. கட்டக்கூடாத மாதங்களை எல்லாம் நான் அந்த நாலு வருடத்தில்தான் மனப்பாடம் செய்தேன். உண்மையான காரணம் வேறு. ஜல்லியைக் கொட்டியதுமே பாதி அறையைக் கட்டிவிட்ட திருப்தி எனக்கு வந்துவிட்டது. ஊர் நம்பியது. ஊரோடு சேர்ந்து நானும் என்னை நம்பிவிட்டேன்.

தெருவில் கிடக்கிற ஜல்லிக்குச் சட்டதிட்டம் உண்டு. தன் வாசலில் தண்ணீர் தேங்கினால் யாரும் ஒரு பாண்டு, அதாவது ஒரு இரும்புச் சட்டி, ஜல்லியைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பாண்டு என்றால் "எடுத்துக்கினு போறேங்க்கா" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே வந்து என் மனைவியிடம் கேட்க வேண்டும். அவளும் இல்லை என்று சொல்ல மாட்டாள், ஆனால் கேட்காமல் எடுத்தவர்களை ஒரு வருடத்துக்கு நினைவு வைத்திருப்பாள். தெரு நாய் இரண்டு தடவை அதன் ஓரத்தில் குட்டி போட்டது. இரண்டாவது மழையில் குப்பைமேனி முளைத்தது. மூன்றாவது மழையில் என் மனைவி பூசணிக் கொடியை அதன் மேல் ஏற்றிவிட்டாள். காய் நன்றாகவே காய்த்தது. பொங்கலுக்குத் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் சமைத்தார்கள்.

கடைசியில் அது எங்கள் விலாசமாகவே ஆகிவிட்டது. எங்கள் தெரு புதிதாகப் போட்ட மனைகளில் எழுந்தது, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். கேஸ் கொண்டு வருகிறவர், கூரியர்காரர், ஓட்டுச் சீட்டுக் கொடுக்க வருகிறவர் எல்லோரும் ஜல்லி வூடு எங்கே என்றுதான் விசாரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்களிடம் என் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள், ஜல்லி வூடு என்றால் உடனே கிளம்புவார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் காஞ்சிபுரம் போவேன். அக்கா காபி கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, காட்டு" என்பாள். நான் போனில் ஜல்லியின் படத்தைக் காட்டுவேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பூசணிப் பூ தெரிந்த படத்தைப் பார்த்துவிட்டு, "ரூம்ல பூவு வேற பூத்துக்கீது பாரு" என்று சிரித்தாள். என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அவள் மனதில் வேறு இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் போன் செய்தாள்.

"தம்பி, புள்ள ரெண்டாவது தறி போடறான்டா. ஒரு தறியை வச்சிக்கினு ஓட்ட முடியல அவனுக்கு. நான் படுக்கற எடத்துலதான் தறிக்குக் குழி தோண்டப் போறாங்க. தோண்டி முடிக்கற வரைக்கும் பத்து நாளு ஒங்கூட வந்து இருக்கட்டுமா?"

"இது இன்னாக்கா கேள்வி? வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டினு வர்றேன்" என்றேன். பத்து நாள் கழித்து எங்கே படுப்பாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

என் மனைவிக்கு வேறு கவலை. "ஏங்க, அண்ணி வந்து எறங்கினதும் மொதல்ல அந்த ஜல்லிதான் கண்ணுல படும். நாலு வருஷமா பச்சை புடிச்சிக் கெடக்குது. படத்துல பாக்கறது வேற, நேர்ல பாக்கறது வேற. என்னைத்தான் தப்பா நெனப்பாங்க, இவதான் கட்ட வுடலைன்னு."

அதில் நியாயம் இருந்தது. சொந்தத்தில் எது நடக்காவிட்டாலும் பழி வீட்டுக்காரிக்குத்தான். எனக்கும் அந்தக் குவியலை அக்காவின் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பத்து நாள் சோறு இறங்காது என்று பட்டது. அப்போது பின்தெருவில் ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குக் கான்கிரீட் தரை போடுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரம்மா நாலைந்து பாண்டு ஜல்லி கேட்டு வந்தார். "நாலஞ்சி இன்னாம்மா, முழுசையும் எடுத்துக்கோங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு உடம்பு சரியில்லையோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் தெரிந்தது.

மறுநாளே டிராக்டர் டிப்பர் வந்து மூன்று நடையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அடியிலிருந்து இரண்டு தேளும், ஒரு ஒற்றைச் செருப்பும், என் மனைவி வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்ட எவர்சில்வர் கரண்டியும் கிடைத்தன. கரண்டியை அவள் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துப் போனாள். வாசலைப் பெருக்கிச் சாணி தெளித்து, பெரிதாகக் கோலம் போட்டாள். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று, "இன்னாண்ணா, வேலை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று விசாரித்தார்கள். ஜல்லி காணாமல் போனால் அது தளத்துக்குப் போயிருக்கும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நான் தலையை ஆட்டியும் ஆட்டாமலும் வைத்தேன்.

அக்கா வருகிற நாளில் லீவு போட்டுவிட்டு, பதினோரு மணி பஸ்ஸுக்காகப் பத்தரைக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். பஸ் வந்தது, அக்கா வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. அவள் போனுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். காஞ்சிபுரத்தில் மருமகளுக்கு அடித்தால், "காலையில எட்டரை மணிக்கே கெளம்பிட்டாங்களே மாமா" என்றாள். இறங்குகிறவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தபடி நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

அப்போது என் மனைவி போன் செய்தாள். "ஏங்க, அண்ணி பத்து மணியிலேர்ந்து பின்தெருவுல கீறாங்களாம். மாட்டுக் கொட்டகைக்காரங்க வூட்டுல."

நடந்தது இதுதான். எங்கள் புது வீட்டுக்கு அக்கா அதுவரை வந்ததே இல்லை; கிரகப்பிரவேசத்தின்போது அத்தான் படுக்கையில் கிடந்தார், அதற்குப் பிறகு ரூம் முடிந்ததும்தான் வருவேன் என்றிருந்தாள். அக்கா சீக்கிரமே வந்து இறங்கியிருக்கிறாள். எதற்குத் தம்பியைச் சிரமப்படுத்துவது என்று நேராக ஷேர் ஆட்டோவில் ஏறி, நான் எப்போதோ சொல்லி வைத்ததை நினைவு வைத்து, "ஜல்லி வூட்டாண்ட வுடுப்பா" என்றிருக்கிறாள். ஆட்டோக்காரர் எங்கள் தெருவில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறார். ஜல்லியைக் காணோம். வாசலில் கோலம் மட்டும்தான் இருந்தது. கடைசியில் பின்தெருவில் குவியலைப் பார்த்ததும், இதுதான் என்று அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் வண்டியை விரட்டிக்கொண்டு போனபோது அக்கா அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. காலடியில் ஒரு பெரிய ரெக்சின் பை. பக்கத்தில் என் ஜல்லி. கொட்டகைக்குள் இரண்டு ஆட்கள் கலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாடா தம்பி" என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. "மாடு வாங்கினதைச் சொல்லவே இல்ல பாத்தியா? ஒம் பொண்டாட்டி எங்க, கடைக்குப் போயிக்கீறாளாமே? இந்தம்மாதான் டீ போட்டுக் குடுத்தாங்க. நல்ல மனுஷி."

வீட்டுக்காரம்மா கதவோரத்தில் நின்று என்னையே பார்த்தார். அக்கா உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அங்கே யாரும் இல்லை, நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன், என் மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். ஆனால் அக்காவிடம் இது தம்பி வீடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ஜல்லியைப் பற்றி வரும். "நீங்களே சொல்லிக்கோங்கண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். "படத்துல பாத்ததுக்குக் கம்மியா கீது. பூசணிக்கொடியைப் புடுங்கிட்டியா? தோ, ஆளுங்க வேலை செஞ்சிக்கினு கீறாங்க. நான் வர்றேன்னு சொன்னதும் ஆரம்பிச்சிட்டியாடா?"

நான் அவளிடம் எத்தனையோ பொய் சொன்னவன். அந்த இடத்தில் ஒன்று கூட வரவில்லை.

"அக்கா, இது நம்ம வூடு இல்ல. நம்ம வூடு முன்தெருவுல கீது."

"அப்போ இந்த ஜல்லி?"

"நம்மளுதுதான். இவங்க கொட்டகைக்குத் தரை போடக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த கல்லைக் குவியலின் மேல் திரும்ப வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அப்புறம் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிக்கீறேன்டா. எந் தம்பி எனக்கு ஜல்லி கொட்டி வச்சிக்கீறான்னு. நீ கட்டலைன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சி, ஒவ்வொரு படத்துலயும் அதே ஜல்லி. கட்டலைன்னா போவுது. அது கெடக்கற வரைக்கும் எனக்குன்னு ஒரு எடம் கீதுன்னு நெனச்சிக்கினு படுத்துக்கினு இருந்தேன். நீ கட்டாததுக்கு நான் ஒரு வார்த்தை கேட்டனா? அத்த எடுத்துட்டியேடா."

இத்தனை வருடம் அந்தக் குவியலை நான் என் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அது கூரை. அதைத்தான் வெட்கப்பட்டு அள்ளிக் கொடுத்துவிட்டு, கோலம் போட்ட வாசலைக் காட்டப் பார்த்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது.

வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். "அம்மா, கலவைக்குப் போனது போக மீதி அப்படியேதான் கீது. சாயங்காலமே திருப்பிக் கொட்டிடறோம்."

"வேணாம்மா" என்றாள் அக்கா. "மாடு ஈரத்துல நிக்கக் கூடாது. தரைய முடிங்க."

அன்று சாயங்காலம் நான் கிரஷருக்குப் போய் ஒரு லோடு முக்கால் ஜல்லி ஏற்றி அனுப்பச் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாசலில் கோலத்தின் மேலேயே லாரி கொட்டியது. அக்கா தூசு அடங்குகிற வரை நின்று பார்த்தாள். நான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருமா என்று பார்த்தேன்.

"கொட்டகையில வேலை செஞ்ச மேஸ்திரியோட ரெண்டு மணி நேரம் பேசிக்கினு இருந்தேன்டா" என்றாள். "மாடியில ரூம் எடுக்க மொதல்ல செங்கல்லாமே. ஜல்லி கடைசியிலதானாம். பதினஞ்சி நாள்ல செவுத்தை எழுப்பிடலாம்னு சொல்றாரு. நாளைக்குக் காலையில அவரை வரச் சொல்லிட்டேன்."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நாலு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு அக்காவின் பையைத் தூக்கிப் போய், கூடத்து அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, "துணியை இதுல எடுத்து வச்சிக்கோங்க அண்ணி" என்றாள்.

"பையிலயே கெடக்கட்டும்மா. ரூம்ல போயி பிரிச்சிக்கறேன்."

நான் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று நினைத்தேன். பத்து நாள் கடந்தது, காஞ்சிபுரத்தில் குழி தோண்டித் தறியும் நாட்டிவிட்டார்கள். அக்கா போகவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, பையின் ஜிப்பைத் திறந்து ஒரு புடவையை மட்டும் எடுப்பாள். திரும்ப மூடுவாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து அதற்குள்ளேயே வைப்பாள். அந்த ஜிப் சத்தம் கேட்டால் நான் எங்கே இருந்தாலும் எழுந்து மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். மாடியில் சுவர் இப்போது ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது.